ரோடு ரோலர் கடல் பார்த்த அத்தியாயம்

என் மனைவி சிறுவர்களுக்காக எழுதினாள். முப்பத்தொரு ஆண்டுகள், சென்னையிலிருந்து வெளிவரும் ஒரு சிறுவர் மாத இதழில், ஏறத்தாழ இடைவெளியே இல்லாமல் எழுதினாள். அவளுடைய புனைபெயரைத் தமிழ் படிக்கத் தெரிந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் அறிந்திருந்தார்கள். அவளை அறிந்தவர்கள் மிகச் சிலர். முதலியார்பேட்டையில் எங்கள் தெருக்காரர்களுக்குக்கூட அவள் 'புரொபசர் வீட்டம்மா' மட்டும்தான். அந்தப் புரொபசர் நான். புதுச்சேரிக் கல்லூரி ஒன்றில் பிரெஞ்சு இலக்கியம் கற்பித்து ஓய்வு பெற்றவன்.

சுனாமிக்குப் பிந்தைய இரண்டாவது ஆவணியில் அவள் இறந்தாள். நோய் இன்னதென்று தெரிந்த நாளிலிருந்து நான்கு மாதங்கள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை. பிரான்சிலிருந்து வந்த மகன் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் திரும்பிப் போனான். மறுநாள் காலை இதழாசிரியர் தொலைபேசியில் அழைத்தார்.

அவள் ஒரு தொடரை முடிக்காமல் போயிருந்தாள். பன்னிரண்டு அத்தியாயங்கள் கொண்ட தொடர்; பதினொன்றை அனுப்பியிருந்தாள். பொதுப்பணித் துறைக் கிடங்கில் நிற்கும் ஒரு ரோடு ரோலரின் கதை அது. புதுச்சேரியிலேயே வாழ்நாளெல்லாம் உழைத்தும் அந்த ரோடு ரோலர் கடலைப் பார்த்ததில்லை. அது போகும் இடத்தில் எல்லாம் சாலை அரைகுறையாக இருக்கும். சாலை முடிந்ததும் அதை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அது தானாகவே கிளம்புகிறது. அதன் வேகத்துக்கு அத்தியாயத்துக்கு ஒரு தெருதான் கடக்க முடிகிறது. பதினோராம் அத்தியாயத்தின் இறுதியில் கடைசித் தெருவின் முனைக்கு வந்து, வாழ்நாளில் கேட்டிராத ஒரு சத்தம் கேட்டு நின்றுவிடுகிறது. 'யாரோ ஜல்லி கொட்டுகிறார்கள் என்று அது நினைத்தது.' அந்த வாக்கியத்தோடு அத்தியாயம் முடிகிறது. அவள் எழுதிய கடைசி வாக்கியமும் அதுதான்.

"சார், இந்த நேரத்துல கேக்கறதுக்கு மன்னிக்கணும்," என்றார் ஆசிரியர். "பன்னெண்டாவது அத்தியாயத்துக்கு மேடம் ஏதாவது குறிப்பு எழுதி வெச்சிருக்காங்களா?"

"இல்லை."

"முடிவு என்னன்னு உங்ககிட்ட சொல்லியிருப்பாங்களே?"

"இல்லை."

"நீங்களே எழுதித் தந்துடுங்க சார். உங்களுக்குத் தெரியாத எழுத்தா? இல்லேன்னாலும் பரவால்ல. நம்ம உதவி ஆசிரியர் இருக்கார். மேடம் ஸ்டைலை அப்படியே புடிச்சிடுவார்."

"யார் பெயரில் வெளியிடுவீர்கள்?"

"மேடம் பேர்லதான் சார். குழந்தைங்க பத்திரிகை இல்லையா? எழுதறவங்க தவறிட்டாங்கன்னு நாங்க போடறதில்ல. அப்படி ஒரு வழக்கம் இங்க."

அந்த உதவி ஆசிரியரின் கதைகளை நான் படித்திருக்கிறேன். அவற்றில் முயல் 'வெள்ளை வெளேரென்ற குட்டி முயல்'. நிலா 'தங்கத் தட்டு போன்ற அழகிய நிலா'. கடைசியில் கட்டம் கட்டி ஒரு நீதி இருக்கும். அவள் பெயருக்குக் கீழே, அவளால் இனி ஒரு சொல்லையும் அடித்துத் திருத்த முடியாத இடத்தில், அந்தக் கட்டம் அச்சாகும். இருபது நாள் அவகாசம் கேட்டேன். கொடுத்தார்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். பிரெஞ்சுப் பள்ளியில் பன்னிரண்டு வயதிலிருந்து எங்களுக்குப் பழக்கிய ஒரு பயிற்சி உண்டு: ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு வாக்கியமும் எதைச் செய்கிறது, எப்படிச் செய்கிறது என்று பிரித்துப் பார்த்து எழுதுவது. 'எக்ஸ்ப்ளிகாசியோன்' என்போம். நாற்பது ஆண்டுகளாக அதைத்தான் மாணவர்களுக்கும் கற்பித்தேன். அவளுடைய இருபத்து மூன்று புத்தகங்களையும் அலமாரியிலிருந்து இறக்கி, சாப்பாட்டு மேசையில் அடுக்கி, ஒரு நீள நோட்டில் எழுதத் தொடங்கினேன்.

கண்டவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன். அவள் ஒரு பொருளின் அளவைச் சொல்லவே மாட்டாள். 'பெரிய யானை வந்தது' என்ற வாக்கியம் அவளிடம் கிடையாது, 'யானை வந்தது. வாசல் போதவில்லை' என்பாள். அவள் கதைகளில் எவருக்கும் வருத்தம் என்ற சொல் வராது. வருத்தப்படுகிறவர்கள் செருப்பு வாரைக் கழற்றி மறுபடியும் மாட்டுவார்கள், அல்லது ஏற்கெனவே மூடிய டப்பாவை இன்னொரு முறை மூடுவார்கள். ஆபத்தான இடத்தில் அத்தியாயத்தை முடிக்க மாட்டாள்; ஆபத்து முடிந்து, எல்லோருக்கும் பசிக்கிற இடத்தில்தான் முடிப்பாள். கதை சொல்கிறவருக்கு எல்லாம் தெரிந்திருக்காது. 'இதற்குக் கழுதை என்ன பதில் சொன்னது என்று எனக்குத் தெரியாது. நான் அப்போது ரேஷன் கடையில் நின்றிருந்தேன்' என்று ஒரு புத்தகத்தில் வருகிறது. நீதி எங்கும் இல்லை. வில்லன் ஒருவன்கூட இல்லை. அவசரக்காரர்கள் மட்டும் நிறைய இருக்கிறார்கள்.

இப்படி அறுபது பக்கம் எழுதினேன். ஆய்வாளன் ஒருவன் கொண்டுவந்திருந்தால் தயங்காமல் முதல் வகுப்பு கொடுத்திருப்பேன்.

பிறகு அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தேன். ஒரு வாக்கியம் வந்தது. அவளுடையது போலவே இருந்தது. இரண்டாவதும் அப்படியே வந்தது. ஆனால் இரண்டையும் சேர்த்துப் படித்தபோது, இறந்தவருக்கு உடுத்திப் பார்த்த உடை போல இருந்தது. கிழித்தேன். மறுநாள் வேறு மாதிரி. அதையும் கிழித்தேன். காலை ஆறு மணிக்கு அவளுடைய மேசையில் உட்கார்ந்தால் பதினொன்றுக்கு எழுந்திருப்பேன். நான்கு வரி இருக்கும். பிற்பகலில் அந்த நான்கையும் அடிப்பேன். அவகாசத்தின் பன்னிரண்டாம் நாள் ஒன்றைக் கவனித்தேன். அந்த வரிகளை அவள் குரலில் சொல்லிப் பார்க்க முயன்றேன். என் குரலே கேட்டது. வேறு எதையாவது அவள் சொல்வதாக நினைத்துப் பார்த்தேன் — காபி ஆறிவிட்டது, மின்சாரம் போய்விட்டது, கதவைச் சாத்துங்கள். எல்லாம் என் குரலில்தான் வந்தன. அவள் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. உதவி ஆசிரியரிடமே விட்டுவிடலாம் என்று அப்போது நினைத்தேன். தொலைபேசியைக் கையில் எடுத்து, எண்ணைப் பாதி அழுத்தி, வைத்துவிட்டேன்.

பதினாறாம் நாள் ஏழாவது பிரதி முடிந்தது. அதில் ஒரு வாக்கியத்தில் எனக்குச் சற்றுப் பெருமிதமும் இருந்தது. ரோடு ரோலர் கடற்கரைக்கு வந்து சேர்கிறது, மாலை நேரம். 'சூரியன் கடலில் இறங்கியது. தண்ணீர் போதவில்லை.' அவள் முறைப்படி அளவைச் சொல்லாமல் அளவைக் காட்டியிருந்தேன்.

அன்று மீன்காரம்மா வந்தாள். வம்பாக்கீரப்பாளையத்திலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் கூடையோடு வருகிறவள். இருபது வருடப் பழக்கம். துக்க வீடு என்று இத்தனை நாளும் வராமல் இருந்தாள். பின்கட்டுக் குழாயடியில் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்து, நான் கேட்காமலே நான்கு சங்கராவை எடுத்துச் செதில் சீவத் தொடங்கினாள்.

"ஒரு ஆளுக்கு நாலு எதுக்கும்மா?" என்றேன்.

"ரெண்டு வேளைக்கு வெச்சிக்குங்க. ஆளு பாதியாயிட்டீங்க," என்றாள் நிமிராமல். பிறகு, "அம்மா இருந்தா இந்நேரம் முக்காலி போட்டு ஒக்காந்திருக்கும். கத நடக்கும்."

அவள் மீன் ஆய்கிற நேரத்தில் என் மனைவி அருகில் உட்கார்ந்திருப்பாள் என்பது எனக்குத் தெரியும். முன்னறையில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருக்கும் எனக்கு இருவரின் சிரிப்பும் கேட்கும். மீன் விலையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று இருபது வருடம் நினைத்திருந்தேன்.

உள்ளே போய் ஏழாவது பிரதியை எடுத்து வந்தேன். முக்காலி போட்டு உட்கார்ந்து, படிக்கட்டுமா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். படித்தேன். இரண்டு பக்கம் வரைக்கும் அரிவாள்மனையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னா ஐயா, ரேடியோல நியூஸ் படிக்கிறாப்புல படிக்கிறீங்க," என்றாள் ஓரிடத்தில்.

தொடர்ந்து படித்தேன். சூரியன் கடலில் இறங்கிய இடம் வந்ததும் கையை நிறுத்தினாள்.

"இருங்க, இருங்க. இது எந்த ஊரு கடலு?"

"நம்ம ஊர்க் கடல்தான்."

மீனைக் கீழே வைத்துவிட்டு, செதில் ஒட்டிய முழங்கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள். "நம்ம கடல்ல காத்தால இல்ல சூரியன் ஏறும்? சாய்ந்தரம் வில்லியனூர் பக்கம் இல்ல போவும்? பாண்டிலயே பொறந்து பாண்டிலயே தலை நரைச்சவரு, ஒரு நாளாவது பீச்சுக்குப் போனீங்களா இல்லியா?"

நாற்பது வருடம் நான் வகுப்பில் நடத்திய கவிதைகளில் எல்லாம் சூரியன் கடலில்தான் இறங்கும். அவை பிரான்சின் மேற்குக் கரையில் வாழ்ந்தவர்கள் எழுதியவை. அரை மணி நடையில் இருக்கும் கடலை விட்டுவிட்டு அவர்களுடைய கடலை அவளுடைய கதைக்குள் கொண்டுவந்து வைத்திருந்தேன். ஏழு முறை எழுதியும் என் கண்ணில் அது படவில்லை.

"அவள் எப்படிச் சொல்வாள்?" என்று கேட்டேன்.

"அம்மா எங்க சொல்லும்? கேக்கும். 'இப்ப அந்தக் கழுத ஊட்டுக்குப் போவுமா, போவாதா? நீயா இருந்தா இன்னா பண்ணுவ?'ன்னு கேக்கும். நா வாய்க்கு வந்தத ஒளறுவேன். அது சிரிக்கும், எழுதிக்கும். என்னைய மட்டும் இல்ல. கீரைக்காரி, கேஸ் சிலிண்டர் போடற ஆளு, கரண்ட் ரீடிங் எடுக்க வரவரு, எல்லாரையும் கேக்கும். 'மழ பெஞ்சா மீனுக்கு இன்னா, அதுதான் ஏற்கெனவே நனஞ்சிருக்கே'ன்னு புஸ்தகத்துல வருதாமே? அது நா சொன்னது." கொஞ்சம் தயங்கி, "அம்மாவே படிச்சிக் காட்டிச்சு," என்றாள்.

அந்த வரியை நான் அறிவேன். என் நீள நோட்டில், பதினேழாம் பக்கத்தில், 'எளிமையின் உச்சம். இவருக்கே உரிய நகை' என்று குறித்திருந்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திருமணமான முதல் ஆண்டில் ஒரு காலை, முகம் மழித்துக்கொண்டிருந்த என்னிடம் அவள் வந்து நின்று, "மழைக்கு வழி தவறிப்போனா எங்க போய் நிக்கும்?" என்று கேட்டாள். நான் கண்ணாடியைப் பார்த்தபடியே, மழைக்கு விருப்பம் உண்டு என்று கொள்வதற்குக் கதையில் முன்னரே ஓர் ஆதாரம் வேண்டும் என்று விளக்கினேன். விளக்கம் சற்று நீண்டது. அன்று மாலை அவள் கொடுத்த பக்கத்தில் சிவப்பு மையால் ஓரக்குறிப்புகளும் எழுதினேன். அவள் கோபப்படவில்லை. நன்றாகச் சொன்னீர்கள் என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் அப்படி எதையும் கேட்டதில்லை. முடித்த பிரதிகளை மட்டும் பிழை திருத்தத் தருவாள். நான் அவளுடைய முதல் வாசகன் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டேன். முப்பது வருடம், வாசலுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அவள் கேட்டிருக்கிறாள். வீட்டுக்குள் இருந்தவனைத் தவிர.

மீன்காரம்மா இரண்டாவது சங்கராவை எடுத்தாள். எனக்கு நான்கு நாட்கள் மீதமிருந்தன.

"ரோடு ரோலர் கடைசித் தெருவுக்கு வந்துவிட்டது," என்றேன். "சத்தம் கேட்டு நிற்கிறது. அப்புறம் என்ன பண்ணும்?"

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை.

"மணி இன்னா அப்ப?"

"சாயங்காலம் என்று வைத்துக்கொள்."

"ஆறுக்கு மேலன்னா பீச் ரோட்டுல வண்டி வுட மாட்டான். தடுப்பு போட்ருவான் போலீஸ்காரன். அங்கயே நிக்க வேண்டிதுதான். அதுக்கு இன்னா அவசரம்? இத்தன தெரு தாண்டி வந்துது, விடியற வரைக்கும் நிக்காதா?"

"காலையில்?"

"காத்தால தடுப்ப எடுப்பான். மெதுவாப் போவும். பாக்கும்." மீனை அரிவாள்மனையில் இன்னொரு முறை இழுத்தாள். சுனாமியில் அவள் வீடு போனது. மூன்று மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் படுத்திருந்தாள். "பாத்துட்டுப் பயந்துடும்," என்றாள்.

"அலையைப் பார்த்தா?"

"அலைக்கு இல்ல ஐயா. அதும் வேல இன்னா? மேடு பள்ளத்த சமமாக்கறது. இங்க வந்து பாத்தா பூரா மேடும் பள்ளமுமா இருக்குது. நிக்க மாட்டேங்குது வேற. 'ஐயோ, இத்தையும் என்னையதான் சமமாக்கச் சொல்வானுங்களோ'ன்னு பயந்துடும்."

நான் எழுதிக்கொண்டிருந்தேன். "அப்புறம்?"

"அப்புறம் பாக்கும். ஒருத்தனும் வந்து சொல்லல. மேஸ்திரி இல்ல, இஞ்சினீயர் இல்ல. இத்த யாரும் சமமாக்க வாணாம்னு தெரிஞ்சிடும். தெரிஞ்சதும் நிம்மதியா ஒக்காந்துக்கும்."

ரோடு ரோலர் எப்படி உட்கார முடியும் என்ற கேள்வி நாக்கின் நுனிவரை வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"பசிக்குமா?" என்று கேட்டேன்.

"பசிக்காதா பின்ன? டீசல் தேடிக்கினு திரும்பி வரணும். வந்த தெருவெல்லாம் திரும்பி வரணும்."

இரண்டு நாளில் எழுதி முடித்தேன். மீன்காரம்மா சொன்னதை அவள் சொன்ன வரிசையிலேயே வைத்தேன். ஏட்டுத் தமிழுக்கு மாற்ற வேண்டிய இடங்களில் மட்டும் மாற்றினேன். அதற்கு மேல் என் பேனா போக முயன்ற ஒவ்வொரு இடத்திலும் அதை நிறுத்தினேன். தட்டச்சு செய்து தபாலில் அனுப்பினேன். நான்காம் நாள் ஆசிரியர் அழைத்தார். அவர் குரலில் அழுகை இருந்தது.

"சார், மேடம் எழுதி வெச்சதே கெடச்சிடுச்சா? ரெண்டாவது வரியிலேயே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. இது வேற யாராலயும் முடியாது சார்."

இல்லை என்று சொல்ல வேண்டும். வாழ்நாளெல்லாம் எது யாருடைய வாக்கியம் என்பதில் மட்டும் நான் பொய் சொன்னதில்லை. பிறர் வரியைத் தன் வரியென்று எழுதிய மாணவனைத் தேர்வில் தோல்வியுறச் செய்திருக்கிறேன். ஆனால் இல்லை என்றால் யாருடையது என்று கேட்பார். மீன்காரம்மாவுடையது என்றால் உதவி ஆசிரியரை ஒருமுறை பார்க்கச் சொல்வார். கட்டம் கட்டிய நீதி என் கண்முன் வந்தது.

"ஆமாம்," என்றேன்.

என் மனைவி பெயரில் அச்சானது. ஒரு சொல்லும் மாறவில்லை. நான் காக்க நினைத்தது காக்கப்பட்டுவிட்டது. அவளுடைய கடைசி அத்தியாயம் எதுவென்று யார் கேட்டாலும் இனி இதைத்தான் காட்டுவார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். அவளுடைய எழுத்தில் அவள் மட்டும்தான் இல்லை. அது யாருக்கும் தெரியவில்லை. அந்த எண்ணத்திலிருந்து என்னால் நகர முடியவில்லை.

அடுத்த முறை மீன்காரம்மா வந்தபோது அவளுக்குப் படித்துக் காட்டினேன். ரோடு ரோலர் பயந்த இடத்தில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அது உட்கார்ந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா நல்லா எழுதிக்கிது," என்றாள்.

"இது நீ சொன்னதும்மா."

"நா சொன்னேன். எழுதனது அம்மா." குழாயைத் திறந்து கையைக் கழுவிக்கொண்டாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச அவள் விரும்பவில்லை.

மார்கழிப் பிறப்பில் ஆசிரியர் மறுபடி அழைத்தார். நிறையக் கடிதங்கள் வந்திருப்பதாகச் சொன்னார். புதுத் தொடர் எப்போது என்று பிள்ளைகள் கேட்கிறார்களாம்.

"அது ஒண்ணு கெடச்ச மாதிரி வேற ஏதாவது இருக்கும் சார். மேடம் அப்படி ஒண்ணும் வெக்காமப் போற ஆள் இல்ல. நல்லாத் தேடிப் பாருங்க."

தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

அவள் பழைய பிரதிகளை வைத்துக்கொள்வதில்லை. படியெடுத்து அனுப்பியதும் கையெழுத்துத் தாள்களை மீன் கழிவு மடிக்கக் கொடுத்துவிடுவாள். அதை நானே பலமுறை கண்டித்திருக்கிறேன். குறிப்பேடு கிடையாது. நாட்குறிப்பு கிடையாது. அவளுடைய இரும்பு பீரோவில் புடவைகள், மருத்துவமனைக் காகிதங்கள், மகனின் பள்ளிச் சான்றிதழ்கள். அவ்வளவுதான் இருக்கின்றன; அவள் இறந்த வாரத்திலேயே எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துத் திரும்ப அடுக்கியவன் நான்தான்.

தொலைபேசியை வைத்துவிட்டு அறைக்குள் போனேன். பீரோவைத் திறந்தேன். மேல் தட்டிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு புடவையாக எடுத்து, மடிப்பைப் பிரித்து உதறிப் பார்த்தேன்.